வளைகாப்பும் பால்கோவாவும்

ராஜபாளையத்துல வளைகாப்புன்னா ஸ்ரீவில்லிபுத்தூர் பால்கோவா இல்லாமலா! "ரெண்டு உசுருக்குச் சாப்பிடு"ன்னு ஊட்டுவாங்க. பாசம்தான். ஆனா கர்ப்பத்தோட பின்பாதியில நஞ்சுக்கொடி ஹார்மோன்கள் இன்சுலினை மட்டுப்படுத்தும். அம்மா உடம்பு தன் கொழுப்பைக் கரைச்சு எரிச்சுக்கிட்டு, சர்க்கரையைப் பிள்ளைக்கு ஒதுக்கும். (நாங்க எழுதற புரோகிராம் இவ்ளோ அழகா இருக்காதுங்க!) கணையம் ஈடுகொடுக்கலைன்னா அம்மா ரத்தத்துல சர்க்கரை, கொழுப்பு ரெண்டும் ஏறும், பிள்ளை அதைக் கொழுப்பாச் சேர்த்துக்கும். 'குண்டுப் பாப்பா'ன்னு கொஞ்சறது சிலசமயம் இதைத்தான்.

"ஒல்லிப்பொண்ணுக்கு எதுக்கு டெஸ்ட்டு?"ங்கற அத்தைமார்களே, ஒல்லிக்கும் வரும். அதனாலதான் டாக்டர் வீ. சேஷையா எல்லாக் கர்ப்பிணிக்கும் டெஸ்ட் வேணும்னார். 2007ல தமிழ்நாடு அரசும் ஏத்துக்கிச்சு. 75 கிராம் குளுக்கோஸ், 2 மணி நேரம், 140ஐத் தொட்டா கர்ப்பகாலச் சர்க்கரை. அப்படி வந்தவங்க பிரசவமாகி 6 வாரத்துல திரும்ப டெஸ்ட் எடுக்கணும். பிள்ளைக்குப் பேர் வைக்க நாள் பாக்கற அவசரத்துல அதுதான் விட்டுப்போகுது.