கட்டம் போட்ட பாவாடை

கட்டம் போட்ட நீண்ட பாவாடை என்றால் எனக்கு உயிர். கணுக்கால் வரை நீண்ட என் சிவப்பு டார்டன் பாவாடையை அணிந்து, தெமட்டகொடையிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து வகுப்புக்குப் புறப்பட்டால் தம்பி சிரிப்பான். "தாத்தா, வாப்பாட சாரத்தயா உடுத்திருக்கீங்க?"

உம்மாவின் கவலை வேறு. "இது வெள்ளைக்காரண்ட உடுப்பு இல்லையா மகள்?"

உண்மைதான். ஆனால் அந்த வெள்ளைக்காரர்களுக்கே ஒரு காலத்தில் இது தடுக்கப்பட்டிருந்தது. ஸ்கொட்லாந்தின் மலைநாட்டார் பலர் பங்கேற்ற கிளர்ச்சி 1746இல் தோற்றது. அதே ஆண்டு, அங்குள்ள ஆண்களும் சிறுவர்களும் தமது மரபு உடையை அணியக் கூடாதெனப் பிரித்தானியப் பாராளுமன்றம் சட்டம் இயற்றியது. மீறினால் ஆறு மாதச் சிறை. மீண்டும் மீறினால் ஏழாண்டு நாடுகடத்தல். 1782இல்தான் அச்சட்டம் நீக்கப்பட்டது. இன்று அதே கட்டத்துணி ஸ்கொட்லாந்தின் பெருமை.

இதை வாசித்தபோது எனக்கு 2019 நினைவுக்கு வந்தது. ஏப்ரல் குண்டுவெடிப்புகளுக்குப் பின் முகத்தை மூடும் உடைக்கு நம் நாட்டில் தடை வந்தது. அப்போது நான் சிறுமி. உம்மா முகத்தை மூடுபவர் அல்லர். ஆனாலும் பஸ்ஸில் அவரது அபாயாவைச் சிலர் சந்தேகத்தோடு பார்த்தார்கள். யாரோ செய்த பாவத்துக்கு உம்மாவின் உடை பதில் சொல்ல வேண்டியிருந்தது.

பிறரை மட்டும் குறை சொல்லி என்ன பயன், தோழியரே? கலர் அபாயா அணிந்தவளையும் கறுப்பு மட்டுமே அணிபவளையும் நாமும்தானே கண்ணால் அளக்கிறோம்? உடையில் அடக்கம் தேடும் நாம், பார்வையிலும் அதைத் தேடுவோம்.