காற்று நம்முடையது, நாற்காலி யாருடையது?

ஆடி மாதம் ஆரல்வாய்மொழி வழியாக பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போனவர்களுக்கு நான் காற்றைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. முப்பந்தல் காற்றாடிகளையும் எல்லோரும் பார்த்திருக்கிறோம். மின்சாரம் எடுக்க நம் காற்று வேண்டும். அதை ஆராய உட்காரும் மேசையில் மட்டும் நமக்கு இடம் கிடையாது.

கோபத்தில் சொல்லவில்லை. கடலில் காற்றாலை நிறுத்த எங்கே தோது என்று பார்க்க, ஐரோப்பிய ஒன்றியத்தின் பணத்தில் 2013 முதல் 2018 வரை 'ஃபோவிண்ட்' என்ற ஆய்வு நடந்தது. எடுத்துக்கொண்டவை குஜராத், தமிழ்நாடு இரண்டும்தான். கூட்டாளிகள் யார்? வெளிநாட்டு அமைப்புகள், பெங்களூரிலிருந்து ஒன்று, புனேயிலிருந்து ஒன்று, அப்புறம் குஜராத் அரசின் குஜராத் பவர் கார்ப்பரேஷன். பிறகு சேர்ந்த தேசிய காற்று ஆற்றல் நிறுவனம் சென்னை பள்ளிக்கரணையில் இருந்தாலும் மத்திய அரசுடையது. தமிழ்நாடு அரசின் நிறுவனம் எதுவும் கூட்டாளியாக இல்லை. கடற்காற்றை அளக்கும் லைடார் கருவியும் 2017-ல் காம்பே வளைகுடாவில்தான் இறங்கியது.

குஜராத்தைக் குறை சொல்லவில்லை. அவர்களுக்குப் போட்ட நாற்காலியை நமக்கும் போட்டிருக்க வேண்டும் என்கிறேன். 'யார் அளந்தால் என்ன, காற்று ஒன்றுதானே' என்றார் நண்பர் ஒருவர். குமாஸ்தாவாகக் காலம் தள்ளியவன் நான். கடிதத்தின் அடியில் 'நகல்' என்ற இடத்தில் பெயர் இல்லாதவனுக்கு விஷயம் முடிந்த பிறகுதான் தெரியும். முட்டத்திலும் மணக்குடியிலும் வள்ளம் இறக்குகிறவன் எந்த மாதம் எங்கே வலை விரிக்கிறான் என்பது காற்றளக்கும் கருவியில் பதியுமா? கோபுரத்தை நட்ட பிறகு கேட்டு என்ன பயன்?

நான் காரைக்காலில் பிரெஞ்சில் படித்தவன். அந்த ஊர்ப் பெருமை பேசுவதாக நினைக்க வேண்டாம். 1960-களில் பிரான்ஸ் பெரிய சூரிய உலையைக் கட்டியபோது பாரிசில் கட்டவில்லை. பிரனீஸ் மலையில் ஒதெய்யோ என்ற சிற்றூரில், நல்ல வெயில் அடிக்கிறது என்பதற்காக, அரசுப் பணத்தில் கட்டியது. ஆய்வாளர்கள் மலையேறிப் போனார்கள்.

2024 ஜூனில் மத்திய அமைச்சரவை கடல் காற்றாலைகளுக்கு 7,453 கோடி ரூபாய்த் திட்டத்தை ஒப்புக்கொண்டது. குஜராத்துக்கு 500 மெகாவாட், நமக்கு 500. மின்சாரத்தில் சரிபாதி என்றால் ஆய்விலும் சரிபாதி கேட்கலாம்தானே? நம் மாவட்டத்தில் ஒரு அளவீட்டு நிலையம், நம் பொறியியல் கல்லூரிப் பிள்ளைகளுக்கு அதில் வேலை, குழுவில் மீனவர் இருவர். மனுவில் இவ்வளவுதான் எழுதியிருக்கிறேன். கையெழுத்துப் போட நினைப்பவர்கள் மாலை ஐந்து மணிக்கு மேல் கொட்டாரத்தில் வீட்டுக்கு வாருங்கள். கண்ணாடியை மறக்காமல் எடுத்து வாருங்கள், எழுத்து பொடியாக இருக்கிறது.