பிராவிடண்ட் பண்டைப் பங்கு மார்க்கெட்டில் இறக்காதே!

"தொழிலாளியே, நீயும் பங்குக்காரனாகு! நீண்ட காலம் பொறுத்திரு, பணம் தானாகப் பெருகும்!" என்று பணமூட்டைக்காரர்களின் பத்திரிகைகள் நமக்கு உபதேசம் செய்கின்றன. மில் வாசலிலும் களத்துமேட்டிலும் ஏஜெண்டுகள் இதே பாட்டைப் பாடுகிறார்கள். இந்த உபதேசத்தால் யாருக்கு ஆதாயம், யாருக்குக் கேடு என்று பார்ப்போம்.

கடன் பத்திரம் வாங்கினால் நாம் கடன் கொடுத்தவர்கள். இன்ன வட்டி, இன்ன தேதியில் அசல் என்று எழுத்தில் இருக்கும். பங்கு வாங்கினாலோ கம்பெனியின் லாப நஷ்டத்தில் நாம் கூட்டாளிகள். லாபம் வந்தால் டிவிடெண்டு கிடைக்கலாம். அசலைத் திருப்பிக் கொடு என்று கம்பெனியைக் கேட்க முடியாது. அன்றைய மார்க்கெட் விலைக்கு இன்னொருவரிடம் விற்கத்தான் வேண்டும். கம்பெனி திவாலானால், கடன் கொடுத்தவர்கள் எடுத்தது போக மிச்சம் இருந்தால்தான் பங்குக்காரருக்கு.

பல பத்தாண்டுகளைச் சேர்த்துக் கணக்குப் பார்த்தால், அமெரிக்காவிலும் இந்தியாவிலும் பங்குகள் கடன் பத்திரங்களைவிட அதிகம் தந்திருக்கின்றன. இதை நாம் மறுக்கவில்லை. நாம் கேட்பது ஒரே கேள்வி: அந்த நீண்ட காலம் யாருடைய காலம்?

நியூயார்க் மார்க்கெட்டின் டோ ஜோன்ஸ் புள்ளி 1929 செப்டம்பரில் 381. 1932 ஜூலையில் அது 41. பழைய உயரத்தை மறுபடி எட்டியது 1954 நவம்பரில். 25 ஆண்டுகள்! டோக்கியோவின் நிக்கெய் புள்ளி 1989 டிசம்பரில் 38,915. 2009 மார்ச்சில் 7,054. பழைய உயரத்தைத் தாண்டியது 2024 பிப்ரவரியில். 34 ஆண்டுகள்! இடையில் வந்த டிவிடெண்டைச் சேர்த்தால் காலம் குறையும் என்பார்கள். குறையட்டும். கோடீஸ்வரன் அத்தனை ஆண்டும் காத்திருப்பான். அவனுக்குச் சோறு போட வேறு சொத்து இருக்கிறது. 58 வயதில் மில் கேட்டைவிட்டு வெளியே வரும் தொழிலாளிக்கு என்ன இருக்கிறது? மகள் கல்யாணமும், வாங்கிய கடனும், வைத்தியச் செலவும் மார்க்கெட் ஏறும்வரை காத்திருக்குமா?

நம் நாட்டையே பாருங்கள். 2008 ஜனவரியில் பம்பாய்ப் பங்குச் சந்தைப் புள்ளி 21,000. 2009 மார்ச்சில் 8,000 சொச்சம். பங்கில் 5 லட்சம் வைத்திருந்து அந்த மார்ச்சில் ஓய்வு பெற்றவருக்கு மிஞ்சுவது சுமார் 2 லட்சம். 2010 நவம்பரில் மார்க்கெட் பழைய இடத்துக்கு வந்தது உண்மையே. ஆனால் வயிற்றுப்பாட்டுக்காக 2009-லேயே விற்றுவிட்டவருக்கு அதனால் என்ன பயன்?

1952-ம் ஆண்டுச் சட்டத்தின் மூலம் தொழிலாளி வர்க்கம் பெற்ற பிராவிடண்ட் பண்டை, 2015-ல் பங்கு மார்க்கெட்டுக்குத் திறந்துவிட்டார்கள். புதிதாக முதலீடு செய்யும் தொகையில் நூற்றுக்கு 5 என்று ஆரம்பித்து, 2016-ல் 10, 2017-ல் 15 என்று ஏற்றினார்கள். தொழிற்சங்கப் பிரதிநிதிகளின் எதிர்ப்பைச் செவியில் போட்டுக்கொள்ளவில்லை. பொதுத்துறைப் பங்குகளை விற்பதற்காக சர்க்கார் ஏற்படுத்திய சி.பி.எஸ்.இ., பாரத்-22 திட்டங்களிலும் இந்தப் பணம் போயிற்று. வேடிக்கையைப் பாருங்கள்! நாட்டுச் சொத்தை விற்பது அவர்கள்; அதை வாங்கும் பணம் நம்முடையது!

"ஆண்டுதோறும் வட்டி அறிவிக்கிறோமே, உனக்கென்ன நஷ்டம்?" என்கிறார்கள். நஷ்டம் இன்று ஒவ்வொருவர் கணக்கிலும் நேராக விழவில்லை என்பது மெய். ஆனால் பொது நிதி வற்றினால் வட்டியும் வற்றாதா?

"வட்டி குறைந்துவிட்டது, அதனால்தான் பங்குக்குப் போகிறோம்" என்பது அவர்களுடைய அடுத்த வாதம். 1990-களில் நூற்றுக்கு 12 ஆக இருந்த பிராவிடண்ட் பண்டு வட்டி 2021-22-ல் 8.1 ஆயிற்று. விலைவாசி ஏறும்போது குறைந்த வட்டி சேமிப்பை அரிக்கும் என்பது நமக்கும் தெரியும். அதற்குப் பரிகாரம் சர்க்கார் நல்ல வட்டிக்கு உத்தரவாதம் கொடுப்பதே. கிழவனின் கஞ்சியைப் பணயம் வைப்பது பரிகாரமாகாது.

கடன் பத்திரம் எல்லாமே பத்திரமானது என்றும் நாம் சொல்லவில்லை. ஐ.எல். அண்டு எப்.எஸ். என்ற கம்பெனியின் பத்திரங்களுக்கு மிக உயர்ந்த தரம் என்று முத்திரை குத்தியிருந்தார்கள். 2018-ல் அது கடனைக் கட்டமுடியாமல் விழுந்தது. பல பிராவிடண்ட் பண்டு டிரஸ்டுகளின் பணம் அதில் சிக்கியது. ஆகவே கடன் பத்திரம் என்றால் யார் கொடுத்த பத்திரம் என்று கேட்க வேண்டும். வரி வசூலிக்கும் அதிகாரம் உள்ள சர்க்காரின் பத்திரம் வேறு, கம்பெனிக்காரனின் பத்திரம் வேறு.

விவசாயத் தொழிலாளித் தோழரே, அன்றாடக் கூலிக்கு வயலில் உழைக்கும் உமக்கு இந்தப் பிராவிடண்ட் பண்டும் கிடையாது. உமது நீண்ட காலம் அடுத்த அறுவடை வரைதான். விதை நெல்லை யாரும் சூதாட்டத்தில் வைப்பதில்லை. மழையில்லாத மாதத்துக்கென்று முடிந்து வைத்த பணமும் விதை நெல்தான். அதைத் தபாலாபீஸில் போடும். ஏஜெண்டின் பையில் போடாதீர்!

நாம் கோருவது இதுதான்: பிராவிடண்ட் பண்டுப் பணத்தைப் பங்கு மார்க்கெட்டுக்கு அனுப்புவதை நிறுத்து! சர்க்கார் கடன் பத்திரத்தில் போட்டு, விலைவாசிக்குக் குறையாத வட்டிக்கு உத்தரவாதம் கொடு! வயலில் உழைப்பவருக்கும் முதுமைக்கால நிதியை ஏற்படுத்து!

ஒவ்வொரு மில் சங்கக் கூட்டத்திலும், ஒவ்வொரு கிராமத்திலும் இந்தக் கோரிக்கை முழங்கட்டும்!