சபையின் சிறப்புரிமையும் பிரஜையின் சுதந்திரமும்

கோரக்பூரைச் சேர்ந்த கேசவ் சிங் என்ற சோஷலிஸ்டு ஊழியர், உத்தரப் பிரதேச சட்டசபையின் காங்கிரஸ் அங்கத்தினர் ஒருவர்மீது ஊழல் குற்றம் சாட்டித் தம் தோழர்களுடன் ஒரு துண்டுப் பிரசுரம் வெளியிட்டார். அது தன் சிறப்புரிமைக்கு நேர்ந்த பங்கம் என்று முடிவு செய்த சபை, கண்டனம் பெற்றுக்கொள்ள லக்னோவுக்கு வருமாறு அவரைப் பணித்தது. ரயில் கட்டணத்துக்குப் பணமில்லை என்றார் அவர். 1964 மார்ச் 14-ஆம் தேதி காவலில் கொண்டுவந்து நிறுத்தியபோது, சபாநாயகருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றார். கேட்ட கேள்விகளுக்கு வாய் திறக்கவேயில்லை. சபை ஏழு நாள் சிறைவாசம் விதித்தது.

முதுகைக் காட்டி நின்றது மரியாதையாகாது. அதை நாம் மெச்சவும் வரவில்லை. ஆயினும், பிராது கொடுத்தவரும், விசாரித்தவரும், தீர்ப்பளித்தவரும், தண்டனையை நிறைவேற்றியவரும் ஒரே சபையாக இருந்த அந்த விசித்திரத்தைவிட ஏழைப் பிரஜை ஒருவரின் முதுகு அப்படியொன்றும் பெரிய அபசாரமாக நமக்குத் தோன்றவில்லை. அவருடைய வழக்கறிஞர் அலகாபாத் உயர் நீதிமன்றத்தில் மனுச் செய்ய, பேக், சேகல் என்னும் இரு நீதிபதிகள் மார்ச் 19-ஆம் தேதி ஜாமீன் வழங்கினர். இரண்டே தினங்களில் சபை, கேசவ் சிங்கையும் வழக்கறிஞரையும் மட்டுமல்லாது அவ்விரு நீதிபதிகளையும்கூடக் காவலில் பிடித்துக் கொண்டுவரும்படி தீர்மானம் நிறைவேற்றிற்று! அலகாபாத் நீதிபதிகள் இருபத்தெண்மர் ஒருங்கே அமர்ந்து அதற்குத் தடை விதிக்க நேர்ந்தது. ஜனாதிபதி விஷயத்தை உச்ச நீதிமன்றத்தின் ஆலோசனைக்கு அனுப்ப, தலைமை நீதிபதி கஜேந்திரகட்கர் தலைமையில் எழுவர் அமர்ந்த பெஞ்சு, ஒருவர் மாறுபட, அறுவரின் கருத்தாக, சபையால் சிறையிடப்பட்டவனின் மனுவைக் கேட்க உயர் நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டென்றும், அதனைக் கேட்ட நீதிபதிகளைச் சபை தொட முடியாதென்றும் செப்டம்பர் 30-ஆம் தேதி உரைத்தது. கேசவ் சிங்கின் மனு மறு ஆண்டு தள்ளுபடியாகிவிட்டது என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

இவ்வளவு நடந்த பின்னர் சபைகள் நிதானம் கற்றிருக்கும் என்று எண்ணுவது இயற்கை. நம் சென்னை மாகாணத்து வழிவந்த பேரவை அதைக் கற்கவில்லை. 1987-இல் ஆனந்த விகடன் அட்டையில் ஒரு நகைச்சுவைத் துணுக்கு வந்தது. மேடையில் இருப்போரில் எம்.எல்.ஏ. யார், மந்திரி யார் என்ற கேள்விக்கு, ஒருவரைப் பிக்பாக்கெட்டுக்காரர் போலவும் மற்றவரை முகமூடிக் கொள்ளைக்காரர் போலவும் அடையாளம் காட்டிய துணுக்கு அது. மன்னிப்புக் கேட்க மறுத்த ஆசிரியர் பாலசுப்ரமணியனுக்கு, சபாநாயகர் பி.எச். பாண்டியன் தலைமையிலான பேரவை, மூன்று மாதக் கடுங்காவல் விதித்தது. சபாநாயகருக்கு இருப்பது வானளாவிய அதிகாரம் என்ற பேச்சு அக்காலத்தில் பிரசித்தம். நாடெங்கும் எழுந்த கண்டனத்தால் சில தினங்களிலேயே ஆசிரியர் விடுவிக்கப்பட்டார். ஆனால் அந்தச் சிறைவாசம் செல்லாதென்று உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1994-இல்தான். நஷ்ட ஈடு ஆயிரம் ரூபாய்.

2003 நவம்பர் 7-ஆம் தேதி அதே பேரவை, முதலமைச்சரின் சபைப் பேச்சை வர்ணித்த சில சொற்களுக்காகவும் ஒரு தலையங்கத்துக்காகவும் 'தி ஹிந்து' நாளிதழின் ஐவருக்கும், அத்தலையங்கத்தைத் தமிழாக்கி வெளியிட்ட முரசொலி ஆசிரியருக்கும் பதினைந்து நாள் சிறை விதித்தது. மூன்றாம் நாள் உச்ச நீதிமன்றம் தடுத்தது. தலையங்கம் எழுதும் எவருக்கும் இந்தக் கதை சற்று நெருக்கமானது என்று சொன்னால் வாசகர்கள் பொறுத்துக்கொள்வார்கள்.

சபைக்குள் அங்கத்தினர் அச்சமின்றிப் பேசவேண்டும்; அதற்காக நீதிமன்றத்தில் அவர்மீது வழக்குத் தொடுக்க இயலாதிருக்க வேண்டும். இதில் நமக்குச் சந்தேகமே இல்லை. அச்சுதந்திரத்தை அரசியல் சாசனத்தின் 194-ஆம் விதி தெளிவாகவே காக்கிறது. சங்கடம் அதன் மூன்றாம் உட்பிரிவில் இருக்கிறது: ஏனைய சிறப்புரிமைகளைச் சட்டமன்றம் அவ்வப்போது சட்டத்தால் வரையறுக்கலாம், அதுவரையில் பிரிட்டிஷ் காமன்ஸ் சபைக்கு உள்ளவையே இங்கும் செல்லும் என்று சாசனம் இயற்றிய பெரியோர் எழுதிவைத்தனர். 1978-இல் வந்த நாற்பத்து நான்காம் திருத்தம் காமன்ஸ் சபையின் பெயரைத்தான் நீக்கியதே தவிர, அதன் சாரத்தை அப்படியே வைத்துக்கொண்டது. எந்தச் சபையை முன்மாதிரியாகக் கொண்டோமோ அந்தக் காமன்ஸ் சபை 1880-க்குப் பிறகு ஒருவரையும் சிறைக்கு அனுப்பியதில்லை. ஆஸ்திரேலியா, விகடன் ஆசிரியர் சிறை சென்ற அதே 1987-இல், சபையை விமரிசித்தார் அல்லது இழித்துரைத்தார் என்ற ஒரே காரணத்துக்காக எவரையும் தண்டிக்க முடியாதென்று தன் பார்லிமெண்டைச் சட்டத்தால் கட்டிக்கொண்டது. அங்கெல்லாம் ஜனப் பிரதிநிதிகளின் கௌரவம் குன்றிவிட்டதாக யாரும் சொல்லக் கேட்டதில்லை.

நம் சபைகள் அப்படியொரு முழுமையான சட்டத்தை ஏன் இயற்றாமலே இருக்கின்றன? சோம்பல் என்று சொல்லிவிட்டால் அது அவர்களுக்கு நாம் செய்யும் தயவாகிவிடும். சிறப்புரிமையைச் சட்டமாக எழுதினால், அந்தச் சட்டம் சாசனத்தின் 13-ஆம் விதிக்கு உட்பட்டுவிடும். அடிப்படை உரிமைகளோடு முரண்படும் அளவுக்கு அது செல்லாது என்று நீதிமன்றம் தள்ளிவிடலாம். எழுதாமல் விட்டிருக்கும் வரையில், பேச்சுரிமையைவிடச் சிறப்புரிமையே மேலோங்கும் என்று 1958-இல் பாட்னா 'சர்ச்லைட்' பத்திரிகை வழக்கில் உச்ச நீதிமன்றம் கூறியதன் நிழலில் அவர்கள் சுகமாக இருக்கலாம். இந்த மௌனம் நன்றாக யோசித்துக் கைக்கொண்ட மௌனம். அதில் ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி என்ற பேதமும் இல்லை. உரிமை மீறல் தீர்மானத்தால் நேற்று வதைபட்டவர்கள், நாற்காலி மாறியதும் அதே தீர்மானத்தைக் கையில் எடுப்பதை நாம் மாநிலந்தோறும் பார்த்துவருகிறோம். 2017-இல் கர்நாடக சபை இரு பத்திரிகை ஆசிரியர்களுக்கு ஓராண்டு சிறை விதித்தபோதும் நடந்தது இந்தப் பழைய நாடகமே.

உச்ச நீதிமன்றம் இவ்விஷயத்தில் ஓரளவு முன்னேறியிருக்கிறது. வாக்குக்கும் பேச்சுக்கும் லஞ்சம் வாங்கிய அங்கத்தினர் சிறப்புரிமையின் பின்னே ஒளிய முடியாது என்று, 1998-இல் தான் கொண்டிருந்த கொள்கையை மாற்றிக்கொண்டு, எழுவர் பெஞ்சு 2024 மார்ச்சில் ஏகமனதாகத் தீர்ப்பளித்தது. ஆனால் சிறப்புரிமையின் எல்லையை வழக்குக்கு வழக்கு நீதிபதிகளே அளந்து சொல்லிக்கொண்டிருக்க முடியாது. வேலி போடவேண்டியவர்கள் வயலுக்கு உரியவர்கள்.

ஆகவே வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள். அடுத்த தேர்தலில் கைகூப்பி உங்கள் வாசலில் நிற்கும் வேட்பாளரிடம், சாலையையும் குடிநீரையும் பற்றிக் கேட்டு முடித்த பிறகு, பேரவையின் சிறப்புரிமைகளை வரையறுக்கும் மசோதாவுக்கு நீர் கைதூக்குவீரா என்று ஒரு கேள்வி கேளுங்கள். அவர் சொல்லும் பதிலை எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.