கிணற்றில் செய்த துரோகத்துக்குத் தீர்த்தத்தில் பரிகாரமா?

சென்ற மாதம் பக்கத்து ஊர்க் கோயிலில் ஒரு பாகவதர் மூன்று நாள் கதாகாலட்சேபம் செய்தார். மூன்றாம் நாள் குசேலர் கதை என்று கேள்விப்பட்டு நானும் போய் உட்கார்ந்தேன். கிருஷ்ணனும் குசேலனும் சாந்தீபனி என்கின்ற ஒரே வாத்தியாரிடம் படித்தார்களாம். ஒருவன் துவாரகைக்கு ராஜாவானான். மற்றவன் இருபத்தேழு பிள்ளைகளைப் பெற்றுப் பட்டினி கிடந்தான். ஒரு பிடி அவலைக் கொண்டுபோய்க் கொடுத்தவுடன் அவனுடைய குடிசை மாளிகையாகிவிட்டதாம். கேட்ட ஜனங்கள் கண்ணீர் விட்டார்கள். தட்டிலும் பணம் விழுந்தது. "சிநேகிதம் என்றால் இதுவல்லவோ சிநேகிதம்!" என்று பாகவதர் முடித்தார்.

நாம் கேட்பதெல்லாம் இதுதான். அவல் வந்து சேரும்வரையில் அந்தச் சிநேகிதன் என்ன செய்துகொண்டிருந்தான்? கடவுளுக்கு எல்லாம் தெரியும் என்கிறீர்களே, இருபத்தேழு குழந்தைகள் பசியால் அழுதது மட்டும் தெரியாமற் போயிற்றா? குசேலன் வீடு மாளிகையாயிற்று, சரி. அவன் தெருவிலிருந்த மற்றக் குடிசைகள் என்னவாயின? அதை எழுதினவனும் சொல்லவில்லை, கேட்டவனும் கேட்கவில்லை. குசேலன் ஜாதியில் பிராமணன். ஆகையால் ராஜா அவன் காலைக் கழுவினான். அவன் சேரியில் பிறந்தவனாயிருந்தால் சாந்தீபனியின் திண்ணையிலேயே கால் வைத்திருக்க முடியாது. பிறகு பாலிய சிநேகிதம் எங்கேயிருந்து வரும்?

பாரதத்தில் இன்னொரு ஜோடி இருக்கிறது. துருபதன் என்ற ராஜகுமாரனும் துரோணன் என்ற பிராமணப் பையனும் ஒன்றாய்ப் படித்தவர்கள். "எனக்கு ராஜ்யம் வந்தால் உனக்கும் பங்கு" என்று பையன் வயதில் சொன்ன துருபதன், பட்டத்துக்கு வந்த பின் "ராஜாவுக்கும் பரதேசிக்கும் சிநேகிதம் ஏது?" என்று அவமானப்படுத்தி அனுப்பினான். அவமானப்பட்ட துரோணன் அதனால் கற்ற பாடம் என்ன? பணத்தாலும் பிறப்பாலும் மனிதனை அளக்கக் கூடாது என்பதா? சீடர்களை ஏவித் துருபதனைப் பிடித்துவரச் செய்து பாதி ராஜ்யத்தைப் பறித்துக்கொண்டான். வேடர் குலத்துப் பையன் ஏகலைவனிடம் கட்டை விரலைக் காணிக்கையாய்க் கேட்டு வாங்கினவனும் இதே துரோணன்தான். மேலே இருப்பவன் தன்னை மிதித்தான் என்று கொதிக்கிறவன், தன் காலின் கீழே யார் கிடக்கிறான் என்று குனிந்து பார்ப்பதில்லை. இது பாரதத்துச் சங்கதி மாத்திரமல்ல. பிராமணனுக்குக் கீழே என்று கோபித்துக்கொண்டு, சேரிக்கு மேலே என்று மீசையை முறுக்கும் நம்மவர்கள் சங்கதியும் இதுதான். என் சொந்தச் சங்கதியும் இதுதான். அதைச் சொல்லவே இன்று எழுத உட்கார்ந்தேன்.

நான் பெரிய படிப்புப் படித்தவனல்ல. எட்டாவதோடு நின்று, அச்சாபீசில் வேலைக்குப் போய், அச்சடித்த காகிதத்தைப் படித்துப் படித்தே நாலு எழுத்து தெரிந்துகொண்டவன். நான் பிறந்தது கொஞ்சம் நிலபுலமுள்ள குடும்பம். பள்ளிக்கூடத்தில் என்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்த தோழன், எங்கள் நிலத்தில் நாற்று நட வருகின்ற சேரி அம்மாளின் மகன். அவன் கணக்கில் சூரன். எனக்குக் கணக்கு அவன் சொல்லிக் கொடுத்ததுதான்.

1989ஆம் வருஷம் கோடை விடுமுறை. எனக்கும் அவனுக்கும் வயது 10. என் பெரியப்பாவின் கிணற்றுப் படியில் வழுக்கி நான் தண்ணீரில் விழுந்துவிட்டேன். எனக்கு நீச்சல் தெரியாது. அவன் ஒரு கணமும் யோசியாமல் குதித்து, என் தலைமயிரைப் பிடித்து இழுத்துக் கரையேற்றினான். நனைந்த துணியோடு நின்ற எங்கள் இருவரையும் பெரியப்பா பார்த்துவிட்டார். "கிணற்றில் இறங்கினது யாரடா?" என்று கேட்டார். நான் என்ன சொல்லியிருக்க வேண்டும்? சொன்னது இதுதான்: "அவன்தான் இறங்கினான், நான் வேண்டாம் என்றேன்."

அவனை வேப்ப மரத்தில் கட்டி அடித்தார்கள். சாயங்காலம் சாவடியில் கூட்டம் கூடிற்று. அவன் தகப்பனார் எல்லோர் முன்னிலையிலும் தரையில் விழுந்து கும்பிட்டு, 501 ரூபாய் அபராதம் கட்ட ஒப்புக்கொண்டார். அதற்காக வீட்டிலிருந்த ஆட்டை விற்றார். விடுமுறை முடிந்து பள்ளிக்கூடம் திறந்தபோது அவன் வரவில்லை. பிறகு வரவேயில்லை. தீண்டாமை ஒழிந்தது என்று அரசியல் சட்டம் 1950லேயே சொல்லியாகிவிட்டது. 1955இல் தண்டனைச் சட்டமும் வந்தது. எங்கள் ஊரில் அவனை மரத்தில் கட்டின அதே 1989இல்தான் டில்லியில் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தையும் இயற்றினார்கள். காகிதத்தில் இருந்தது சாவடிக்கு வந்து சேரவில்லை.

இதில் ஒரு வேடிக்கையைப் பாருங்கள். தீட்டுப்பட்ட தண்ணீரைப் பம்பு செட்டு வைத்து முழுதும் இறைத்தார்கள். புரோகிதர் வந்து மந்திரம் சொல்லித் தட்சிணை வாங்கிப் போனார். இறைத்த தண்ணீர் எங்கே போயிற்று? பக்கத்து வயலுக்குத்தான் பாய்ந்தது. அதில் விளைந்த நெல்லைத்தான் அந்த வருஷம் நாங்கள் எல்லோரும் தின்றோம். அந்த நாற்றை நட்டவள் அவன் தாய். கிணற்றில் இருந்தால் தீட்டு, சோற்றில் வந்தால் தீட்டில்லை என்றால் இது தண்ணீரின் குணமா, தின்கிறவன் சௌகரியமா?

அன்று இரவே நான் என் தாயாரிடம் உண்மையைச் சொல்லிவிட்டேன். "வாயை மூடிக்கொண்டு படு" என்றார்கள். முப்பது வருஷம் மூடிக்கொண்டேதான் இருந்தேன். 2018இல் என் மகன் கடும் ஜுரத்தில் படுத்தபோது, என் தாயார் ஜோசியனிடம் போய், "பழைய பாவம் ஒன்று தொடருகிறது, ராமேஸ்வரம் போய் 22 தீர்த்தம் ஆடி வரவேண்டும்" என்ற தீர்ப்போடு வந்தார்கள். அந்தத் தீர்த்தங்களில் மிகுதியும் கோயிலுக்குள் இருக்கும் கிணறுகள்தான் என்பது போய் வந்தவர்களுக்குத் தெரியும். ஒரு கிணற்றில் செய்த துரோகத்துக்கு 22 கிணற்றுத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொள்ள வேண்டுமாம்! அடிபட்டவனிடம் போய் ஒரு வார்த்தை சொல் என்று ஜோசியனும் சொல்லவில்லை, சாஸ்திரமும் சொல்லவில்லை. மகனுக்கு ஜுரம் தணிந்தது டாக்டர் கொடுத்த மருந்தால்.

சாஸ்திரம் ஏன் சொல்லவில்லை என்பதற்கு மனுதர்மத்தின் 11ஆம் அத்தியாயத்தைப் பாருங்கள். பிராயச்சித்தக் கணக்கு அங்கே இருக்கிறது. பிராமணனைக் கொன்றதற்கு உள்ள பிராயச்சித்தத்தில், சூத்திரனைக் கொன்றவனுக்குப் பதினாறில் ஒரு பங்கு. விரதம் இருக்க முடியாவிட்டால் பத்துப் பசுவும் ஒரு காளையும் தானம் கொடுத்தாலும் போதும். யாருக்கு? செத்தவன் பெண்டாட்டி பிள்ளைகளுக்கா? அல்ல, பிராமணனுக்கு! பூனை, தவளை, நாய், காக்கை இவைகளைக் கொன்றாலும் சூத்திரனைக் கொன்றதற்கான பிராயச்சித்தமே என்றும் அங்கேயே எழுதியிருக்கிறது. கடன் வாங்கினது ஒருவனிடம், திருப்பிக் கட்டுவது இன்னொருவனிடம் என்றால் எந்தக் கோர்ட்டாவது ஒப்புக்கொள்ளுமா? சாஸ்திரம் மட்டும் ஒப்புக்கொள்ளுகிறது. ஏனென்றால் கணக்கு எழுதினவனும் அவனே, பணம் வாங்குகிறவனும் அவனே.

ஆகவே நான் ராமேஸ்வரத்துக்குப் போகவில்லை. தோழனைத் தேடிக்கொண்டு போனேன். திருப்பூர் பனியன் கம்பெனிகளில் இருபது வருஷம் உழைத்துவிட்டு, ஊருக்குத் திரும்பிக் காலனியில் குடியிருந்தான். "வாங்க, உட்காருங்க" என்றான். ஒரே பெஞ்சில் உட்கார்ந்து "வாடா போடா" என்று பேசினவன், என்னை "வாங்க" என்று சொன்னதே எனக்குப் போதிய தண்டனையாயிருந்தது. நான் அழுதுகொண்டே மன்னிப்புக் கேட்டேன். பணமும் எடுத்து வைத்தேன். அவன் பணத்தை என் பக்கமே தள்ளிவிட்டுச் சொன்னான்: "பொய்யை ஊர் நடுவில் சொன்னீங்க. மன்னிப்பை மட்டும் என் வீட்டுக்குள்ளே வந்து கேட்கிறீங்களே? எங்கப்பா சாகிறவரைக்கும் என்னைத்தான் ஏசினார், எதுக்குடா அந்தக் கிணற்றில் இறங்கினேன்னு."

இதைவிட ஒரு பகுத்தறிவுப் பிரசங்கத்தை நான் கேட்டதில்லை. காலனிக்குப் போய் ஒரு டீ குடித்து, போட்டோவும் எடுத்துக்கொண்டு, சமத்துவம் வந்துவிட்டதென்று நினைக்கிற நம் தோழர்களும் இதைக் கவனிக்க வேண்டும்.

2019ஆம் வருஷம் அக்டோபர் 2ந் தேதி கிராமசபைக் கூட்டம் அதே சாவடியில் நடந்தது. எழுந்து நின்று, நடந்ததை நடந்தபடி சொன்னேன். என் உயிரைக் காப்பாற்றினவனைக் காட்டிக்கொடுத்தேன் என்றும், அவன் தகப்பனார் செய்யாத குற்றத்துக்கு இந்த இடத்தில் விழுந்து கும்பிட்டார் என்றும், அபராதம் வாங்கின ஊர்தான் குற்றவாளி என்றும் சொன்னேன். சிலர் எழுந்து போனார்கள். என் பங்காளிகள் அன்றுமுதல் என்னைக் கலியாணத்துக்கு அழைப்பதில்லை. மொய்ப் பணம் மிச்சம். என் தாயார் மட்டும், "அன்றைக்கு நான்தான் உன்னை வாய் மூடச் சொன்னேன்" என்று அவன் வீட்டுக்குப் போய்ச் சொல்லிவிட்டு வந்தார்கள். ராமேஸ்வரம் பேச்சை அதற்குப்பின் எடுக்கவில்லை.

இதனால் எல்லாம் சரியாகிவிட்டது என்று நான் சொல்லவில்லை. கணக்கில் சூரனாயிருந்தவன் இழந்த படிப்பை நான் எங்கேயிருந்து கொண்டுவந்து கொடுப்பேன்? இப்போது அவன் "வா" என்கிறான். "வாடா" இன்னும் வரவில்லை. அதைக் கேட்டு வாங்கும் யோக்கியதை எனக்கில்லை.

தோழர்களே! இது முப்பது வருஷத்துப் பழங்கதை என்று பத்திரிகையை மடித்துவிடாதீர்கள். 2023 ஆகஸ்டு மாதம் திருநெல்வேலி ஜில்லா நாங்குநேரியில், தாழ்த்தப்பட்ட வகுப்பு மாணவன் ஒருவனை, கூடப் படித்த பையன்களே இரவில் வீடு புகுந்து அரிவாளால் வெட்டினார்கள். தடுத்த தங்கையையும் வெட்டினார்கள். தன்னைத் துன்புறுத்துகிறார்கள் என்று பள்ளிக்கூடத்தில் சொன்னதுதான் அவன் செய்த குற்றம். அதன்மேல் சர்க்கார் நியமித்த ஓய்வுபெற்ற நீதிபதி சந்துரு அவர்களின் குழு, மாணவர்கள் ஜாதியைக் காட்டும் கலர் கயிறு கட்டுவதைத் தடுக்க வேண்டுமென்று 1924இல் அல்ல, 2024இல் எழுத வேண்டியிருந்தது!

அந்தக் கயிற்றைப் பையன் தாயின் வயிற்றிலிருந்தே கட்டிக்கொண்டு வந்தானா? பத்து வயதில் நான் சொன்ன பொய் என் வாயிலிருந்து வந்தது. ஆனால் அதைச் சொன்னால் தப்பித்துக்கொள்ளலாம் என்பதை எனக்குக் கற்பித்தவர்கள் பெரியவர்கள். ஆகையால் பெற்றோர்களே, இன்றிரவு உங்கள் பிள்ளையின் மணிக்கட்டைப் பாருங்கள். கயிறு இருந்தால் யார் கட்டிவிட்டது என்று கேட்டு, அவன் கையாலேயே அறுக்கச் சொல்லுங்கள்.

யாருக்காவது துரோகம் செய்திருக்கிறீர்களா? காசிக்கும் போகவேண்டாம், ராமேஸ்வரத்துக்கும் போகவேண்டாம். செய்த இடத்துக்குப் போங்கள். யாருக்குச் செய்தீர்களோ அவருக்கு முன்னால், யாருடைய தைரியத்தில் செய்தீர்களோ அவர்கள் காதில் விழும்படி, உண்மையைச் சொல்லுங்கள். பறித்ததில் திருப்பிக் கொடுக்கக் கூடியதைத் திருப்பிக் கொடுங்கள். இதற்குப் புரோகிதன் வேண்டாம், தட்சிணையும் வேண்டாம். கொஞ்சம் வெட்கமும் கொஞ்சம் தைரியமும் இருந்தால் போதும்.