முதல் ஷொட்டை யார் எடுப்பது?

நமது மாணவர்கள் எடுக்கும் குறும்படங்களில் பல ஒரே மாதிரித்தான் தொடங்குகின்றன. இணையத்தில் இறக்கிய ட்ரோன் காட்சி, கடலில் இறங்கும் சூரியன். கதை நடப்பதோ கல்முனையில்! நமது கரையில் சூரியன் கடலிலிருந்து எழும்பும். மறைவது மேற்கே வயல்வெளிப் பக்கம். முதல் ஷொட்டிலேயே ஊர் பொய்யாகிவிடுகிறது.

எஸ்டாப்ளிஷிங் ஷொட்டின் வேலை, கதை எங்கே, எந்த நேரத்தில், எப்படிப்பட்ட மனிதர்களிடையே நடக்கிறது என்று சொல்வது. அதற்கு ட்ரோன் கட்டாயமில்லை. 1953இல் ஜப்பானிய இயக்குநர் ஓசு எடுத்த 'டோக்கியோ ஸ்டோரி' ஒனோமிச்சி என்ற துறைமுக ஊரில் தொடங்குகிறது. படகு, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைகள், வீடுகளைக் கடக்கும் ரயில். கெமரா அசையவே இல்லை. ஊர் நமக்குப் பழகிவிடுகிறது.

வெளியூர்க் கெமராக்கள் இந்தக் கரைக்குக் கூட்டமாக வந்தது 2004 சுனாமியின்போதும், 2019 ஏப்ரலில் சாய்ந்தமருதுச் சம்பவத்தின்போதும். அதனால் உலகம் பார்த்த நமது முதல் ஷொட் இடிந்த சுவர். அதை மறைக்கச் சொல்லவில்லை. அதுவே நமது ஒரே படமாக இருக்கக் கூடாது என்கிறேன்.

ஆகவே பிள்ளைகளே, சுபஹுத் தொழுகை முடிந்து இறங்குங்கள். கரைவலை இழுப்பவர்கள், மருதமுனைத் தறி, பாடசாலைக்குப் போகும் சைக்கிள்கள். போனை ஓரிடத்தில் ஊன்றிப் பத்து செக்கன் எடுங்கள். எடுக்கமுன் அங்குள்ளவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வெளியூர்க் கெமரா அதைக் கேட்கவில்லை, நம்முடையது கேட்கட்டும்.