நிலத்தை விற்றவனிடம் வேர் எங்கே என்று கேட்கிறார்கள்!



தஞ்சை நீதிமன்றத்துக்கு அருகே ஒரு சின்னஞ்சிறு அறை. சுவரெல்லாம் சட்டப் புத்தகங்கள். நடுவே என் நண்பர். பிற நாடுகளின் குடியேற்றச் சட்டங்களைக் கற்பதும், அவற்றிலே சிக்கித் தவிப்போருக்கு வழி காட்டுவதும் தொழிலாகக் கொண்ட வழக்கறிஞர் அவர். தைத் திங்களில் ஒரு மாலை அவரைக் காணச் சென்றிருந்தேன். அப்போது உள்ளே வந்தார் ஒரு பெரியவர். பின்னாலே, தலை கவிழ்ந்தபடி, அவர் மகன்.

மன்னார்குடிப் பக்கத்து உழவர். ஆறு மா நிலம் அவருக்கு. இரண்டு ஏக்கர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பாட்டன் உழுத நிலம்; தந்தை உழுத நிலம்; மேட்டூர் திறந்தால் குறுவை, திறக்கத் தாமதித்தால் சம்பா என்று காவிரியின் முகம் பார்த்துப் பயிர் செய்த நிலம். மகன் பொறியியல் பட்டம் பெற்றான். அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்று மேற்படிப்புக்கு இடம் தந்தது. “வங்கிக் கணக்கிலே பணம் காட்ட வேண்டும்” என்றார் தரகர். நிலத்தை விற்றார் தந்தை. பணத்தைக் காட்டினான் மகன். மூன்று நிமிடம் நடந்தது நேர்முகம். கையிலே கிடைத்தது மறுப்புத் தாள்!

“ஏன் மறுத்தார்கள், வக்கீல் ஐயா?” என்றார் பெரியவர்.

“படிப்பு முடிந்ததும் உங்கள் மகன் ஊர் திரும்புவார் என்ற நம்பிக்கை அவர்களுக்கு ஏற்படவில்லை, பெரியவரே! தாய்நாட்டோடு அவரைப் பிணைக்கும் வலுவான பற்றுக்கோடு இருப்பதை அவர் மெய்ப்பிக்கவில்லையாம்.”

“பற்றுக்கோடா? அந்த ஆறு மா நிலந்தானே ஐயா எங்கள் பற்றுக்கோடு! அதை விற்றுத்தானே பணம் காட்டினோம்!”

வழக்கறிஞர் கூரையைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன்.

நாடகம் எழுதுபவன் நான். இப்படியொரு காட்சியை எழுதி மேடையேற்றியிருந்தால், “மிகைப்படுத்துகிறான்” என்று சொல்லியிருப்பீர்கள். பணம் இல்லையேல் இசைவு இல்லை. பணத்துக்காக நிலத்தை விற்றால் வேர் இல்லை. வேர் இல்லையேல் இசைவு இல்லை! செக்கு மாட்டின் பாதைக்கு உண்டா முடிவு?

பெரியவர் சென்ற பிறகு நண்பர் ஒரு புத்தகத்தை விரித்தார். 1952-ஆம் ஆண்டின் அமெரிக்கக் குடியேற்றச் சட்டம். அதன் 214-ஆம் பிரிவு, ‘பி’ உட்பிரிவு. மாணவனாக வர விழைகிறவன் எவனும், அவனே மாறாக மெய்ப்பிக்கும் வரையில், நிலையாகக் குடியேற வருபவன் என்றே கருதப்படுவான் என்கிறது அது. கொலைக் குற்றம் சாட்டப்பட்டவனைக்கூட, குற்றம் மெய்ப்பிக்கப்படும் வரை குற்றமற்றவன் என்று கொள்கிறது நீதிமன்றம். படிக்கப் போகிறவனுக்கு அந்தச் சலுகை இல்லை! மெய்ப்பிக்கும் பொறுப்பு அவன் தலையிலே. மறுத்தால் மேல்முறையீடு உண்டா? இல்லை, மீண்டும் கட்டணம் செலுத்தி, மீண்டும் வரிசையிலே நிற்கலாம். கனடா நாட்டிலோ, 60 நாட்களுக்குள் கூட்டாட்சி நீதிமன்றத்தை அணுக வழி இருக்கிறது. ஆனால், அட்லாண்டிக் கடலுக்கு அப்பால் வழக்காட நம் உழவனால் ஆகுமா?

இனி, அதே மாளிகையின் மற்றொரு வாயிலைப் பாருங்கள். அங்கே செல்வச் சீமான் நிற்கிறார். அவருக்கென்று 1990-ஆம் ஆண்டிலேயே ஒரு தனி வகை விசா ஏற்பட்டது. வேலையின்மை மிகுந்த பகுதியிலோ நாட்டுப்புறத்திலோ 8 இலட்சம் டாலர், நம் பணத்தில் ஏறத்தாழ 7 கோடி ரூபாய், முதலீடு செய்யட்டும். பத்துப் பேருக்கு வேலை உண்டாகட்டும். மனைவி மக்களோடு நிலையாகக் குடியேறலாம். 2022-ஆம் ஆண்டு முதல் இதுவே கணக்கு. பணம் நேர்வழியில் வந்ததா என்று கேட்கிறார்கள். இல்லையென்று நான் சொல்லவில்லை. ஆனால், “திரும்பிப் போவாயா?” என்று கேட்பதில்லை.

“தங்குவதற்காகவே வருகிறேன்” என்கிறான் பணக்காரன், “வருக!” என்கிறார்கள். “தங்கவும் கூடுமோ?” என்று நினைத்தானோ என ஐயுற்று, மாணவனைப் பார்த்து, “போ!” என்கிறார்கள்.

2025 செப்டம்பர் 19-ஆம் நாளை நினைவிலே வையுங்கள். அன்று ஒரே நாளில் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் இரண்டு ஆணைகளிலே கையெழுத்திட்டார். ஒன்று, 10 இலட்சம் டாலர் கொடுப்போருக்குத் தங்க அட்டை. மற்றொன்று, வெளிநாட்டிலிருந்து புதிதாக அழைக்கப்படும் எச்-1பி ஊழியர் ஒருவருக்கு 1 இலட்சம் டாலர் கட்டணம். பணப்பைக்குக் கதவு திறந்த அதே பேனா, படித்த மூளைக்குத் தாழ்ப்பாள் போட்டது!

அமெரிக்காவை மட்டும் குறை சொல்வானேன்? கனடா, படிக்க வருவோர் வாழ்க்கைச் செலவுக்குக் காட்ட வேண்டிய தொகையை 10,000 டாலரிலிருந்து 20,635 டாலராக 2024 ஜனவரியில் உயர்த்தியது. பின்னர் அதையும் ஏற்றியது. ஆஸ்திரேலியா, 710 டாலராக இருந்த மாணவர் விசாக் கட்டணத்தை அதே ஆண்டு ஜூலையில் 1,600 ஆக்கியது. பிரிட்டன், 2024 ஜனவரி முதல், ஆராய்ச்சி மாணவர் போன்ற சிலரைத் தவிர மற்றவர்கள் குடும்பத்தை அழைத்து வரக்கூடாது என்றது. அந்தப் பிரிட்டன்தான் 20 இலட்சம் பவுன் கொணர்வோருக்குத் தனி விசா நடத்தியது. கறைபடிந்த பணமும் அதன் வழியே நுழைகிறது என்ற ஐயம் முற்றிய பிறகே, 2022 பிப்ரவரியில் அதை மூடியது.

“அவர்கள் வீடு, அவர்கள் கதவு. யாரை அழைப்பது என்பது அவர்கள் உரிமையல்லவா?” என்று கேட்பீர்கள். உரிமைதான், மறுக்கவில்லை. நம் வரலாறு நன்கறிந்த உரிமை அது! ஆள் தேவைப்பட்டபோது, கங்காணியை அனுப்பி, நாகப்பட்டினத்துத் துறையிலே கப்பலை நிறுத்தி, தஞ்சைத் தரணியின் உழைப்பாளியை மலேயாவுக்கு அள்ளிச் சென்றார்கள். அன்று யாரும் வங்கிக் கணக்கு கேட்கவில்லை. ரப்பர் மரம் வளர்ந்தது; பால் வடிந்தது; பிறகு, 1953-இல் நடைமுறைக்கு வந்த குடிநுழைவுச் சட்டம், தேர்ந்த தொழிலறிவு உடையவர்க்கே இனி இடம் என்றது. இலங்கையின் தேயிலை மலையிலே மூன்று தலைமுறை முதுகு வளைத்தவர்களை, 1948-ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டம் நாடற்றவராக்கியது. 1964 அக்டோபர் 30-இல் இரு நாட்டுப் பிரதமர்களும் 5,25,000 பேர் இங்கே, 3,00,000 பேர் அங்கே என்று, நெல் மூட்டைகளைப் பங்கிடுவதுபோல் மனிதரைப் பங்கிட்டார்கள். 1,50,000 பேரைப் ‘பிறகு பார்க்கலாம்’ என்று களத்திலேயே விட்டு வைத்தார்கள்.

ஆகவே, பிறர் வீட்டுக் கதவைத் திட்டிப் பயனில்லை. நம் வீட்டு வாசலில் நாம் செய்ததென்ன என்பதே என் கேள்வி.

நிலத்தை ஈடு வைத்துக் கடன் வாங்கியிருக்கலாமே, ஏன் விற்றார் அந்தப் பெரியவர்? கல்விக் கடன் ஏழரை இலட்சத்தைத் தாண்டினால், வங்கிகள் பொதுவாக ஈடு கேட்கின்றன. வயலை ஈடாகக் கொடுக்கலாமென்றால், தயங்குகின்றன. காரணம் இருக்கிறது. ஈட்டுச் சொத்துகளை நீதிமன்றம் செல்லாமலே வங்கிகள் கைப்பற்ற வகை செய்யும் 2002-ஆம் ஆண்டுச் சட்டம், 31-ஆம் பிரிவிலே விளைநிலத்துக்கு விலக்கு அளித்திருக்கிறது. உழவனைக் காக்க எழுந்த வேலி அது. ஆனால், வேறு வழி அமைக்காமல் வேலி மட்டும் போட்டதால், உழவன் வட்டிக்கடைக்குப் போகிறான். அல்லது கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடுகிறான். நகரத்து அடுக்குமாடிக்கு மதிப்பு உண்டு. நாட்டுக்குச் சோறிடும் நன்செய்க்கு மதிப்பு இல்லை!

அடுத்தவர், தரகர். வேலைக்கு ஆள் அனுப்புகிறவர் பதிவு செய்துகொள்ள வேண்டும் என்கிறது 1983-ஆம் ஆண்டின் குடிபெயர்வுச் சட்டம். மாணவரை அனுப்புகிறவரை அது கணக்கில் கொள்ளவில்லை. விளைவு? “பணம் இல்லையா? நான் கணக்கிலே போடுகிறேன், ஒரு மாதம் இருக்கும், வட்டி கொடு” என்கிறார். நண்பர் எச்சரிக்கிறார்: பொய்க் கணக்கு காட்டிப் பிடிபட்டால், கனடாவில் ஐந்தாண்டுத் தடை; பிரிட்டனில் பத்தாண்டு வரை; அமெரிக்காவிலோ வாழ்நாள் முழுவதும் தொடரக்கூடிய தடை. 2023-இல், தரகர் தந்த பொய்யான சேர்க்கைக் கடிதங்களால், பஞ்சாப் மாணவர் பலர் கனடாவிலிருந்து வெளியேற்றப்படும் நிலைக்கு ஆளானார்களே, மறந்துவிட்டோமா? பொய் எழுதியவன் ஒருவன். கூண்டிலே நின்றவன் மற்றொருவன்!

பஞ்சாப் மாநிலம் இத்தகைய தரகர்களுக்குத் தனிச் சட்டம் இயற்றியிருக்கிறது. தமிழகத்திலும் கல்வித் தரகர் ஒவ்வொருவரும் பதிவு செய்யப்பட வேண்டும். வாங்கும் கட்டணத்துக்குச் சீட்டு தர வேண்டும். பொய்த் தாள் கொடுத்தால் சிறை செல்ல வேண்டும். தஞ்சை, திருவாரூர், நாகை, மயிலாடுதுறை ஆகிய நான்கு மாவட்டத் தலைநகரங்களிலும், விண்ணப்பம் போடுமுன் தாளைப் பார்த்து அறிவுரை கூற, அரசு ஊதியம் பெறும் வழக்கறிஞர் ஒருவர் அமர வேண்டும். வயலை விற்காமல் கடன் பெற, அரசே பிணை நிற்க வேண்டும். இவை வானத்து நிலவைக் கேட்பதாகுமா? ஒரு பாலத்துக்கு ஆகும் செலவு கூட ஆகாதே!

கல்லூரிப் படிப்பைப் பாதியிலே விட்டவன் நான். முடிக்காத படிப்பின் வலி எத்தகையது என்பதை எனக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆதலால், “போகாதே” என்று எந்தத் தம்பியையும் தடுக்க மாட்டேன். போய் வா! ஆனால், தகப்பன் நிலத்தின் மீது ஏறி நின்று போகாதே. அதிலே வேரூன்றி நின்று போ! அதற்கு வழி செய்வது அரசின் கடமை. செய்ய வைப்பது நம் கடமை.

அன்று மாலை அந்தப் பெரியவர் படியிறங்கும்போது, என்னைத் திரும்பிப் பார்த்துக் கேட்டார்: “இந்த வருஷம் மேட்டூர் ஜூன் 12-லே திறந்துவிடுவார்களா, தம்பி?”

விற்றுவிட்ட நிலத்துக்கும் தண்ணீர் கேட்கிறது அந்த நெஞ்சம். அவருக்கா பற்றுக்கோடு இல்லை என்று எழுதினார்கள்?